காற்றால் கட்டிய அறை

இகுசா ஒரு சதுப்பு நிலத் தாவரம். இலை என்று சொல்ல அதில் ஏதும் இருக்காது. அடியிலிருந்து நுனிவரை ஒரே பச்சைத் தண்டுதான். கனம் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும், உயரம் ஒரு மீட்டருக்கு மேல் போகும். அந்தத் தண்டைப் புது பிளேடால் குறுக்கே சீவி, மெல்லிய வில்லையாக எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே நட்சத்திரங்கள் தெரியும். வெளியே கெட்டியான பச்சைத் தோல், அதற்குள் வெள்ளைச் சோற்றி. சோற்றியின் ஒவ்வொரு செல்லும் பல திசைகளில் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒன்றின் கைநுனி மற்றொன்றின் கைநுனியைத் தொடுவதோடு சரி. மிச்ச இடமெல்லாம் காற்று.

செடி இப்படி வளர்வதற்குக் காரணம் அது நிற்கும் சேறு. நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இருக்காது. வேருக்கு மூச்சு வேண்டுமென்றால் மேலிருந்துதான் காற்று இறங்க வேண்டும். எனவே தண்டு முழுவதையும் ஒரு காற்றுக் குழாயாகவே வளர்த்துக்கொண்டது இகுசா. பழைய ஜப்பானில் இந்தச் சோற்றியை முழுநீளத்துக்கு உருவி எடுத்து எண்ணெய் விளக்குக்குத் திரியாகப் போட்டார்கள். சோற்றியை உருவாமல் தண்டை அப்படியே காயவைத்து நெய்தால் கிடைப்பது தத்தாமி. அந்தப் பாய்களைச் சுவரோடு சுவராகப் பரப்பிய அறையைத்தான் உலகம் 'ஜப்பானிய அமைதி' என்று படம் பிடித்து மாட்டிக்கொள்கிறது.

அந்த அமைதியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஜென்னில் தொடங்கி ஜென்னில் முடியும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஜென் துறவி யாரும் இல்லாத சாதாரண வீட்டின் ஆறு பாய் அறையிலும் அதே வெளிச்சம், அதே வாசனை, கால் பட்டவுடன் அதே மெத்தென்ற உணர்வு இருக்கிறது. அந்த அறையின் முக்கியமான கட்டுமானப் பொருள் காற்றுதான் என்பது என் கட்சி. சின்னச் சின்ன அறைகளில் அடைபட்ட காற்று, ஆனால் முழுக்கச் சிறைப்படாத காற்று. தண்டுக்குள், வைக்கோலுக்குள், காகிதத்துக்குள், தரைக்கு அடியில் என்று எங்கே பிரித்துப் பார்த்தாலும் அதுதான் வேலை செய்துகொண்டிருக்கிறது.

முதலில் பாயைப் பிரிப்போம். மரபான தத்தாமிக்கு மூன்று பாகங்கள். அடியில் வைக்கோல் படுகை. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நெல் வைக்கோலைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஐந்து சென்டிமீட்டர் சொச்சத்துக்கு அழுத்தித் தைப்பார்கள். அதன் மேலே இகுசா விரிப்பு. சணலோ பருத்தியோ பாவாக ஓட, இகுசா ஊடையாக நெய்யப்படும். ஒரு பாய்க்கு 4000 முதல் 7000 தண்டுகள் வரை போகும். நல்ல பாய் என்றால் தண்டுகள் நீளமாகவும் நெருக்கமாகவும் இருக்கும். மூன்றாவது, நீண்ட இரு விளிம்புகளையும் மூடும் துணிக்கரை. எல்லாம் சேர்ந்து ஒரு பாய் முப்பது கிலோவை நெருங்கும். சுருட்டி மூலையில் வைக்கிற பாய் இல்லை இது. தூக்கிப் பொருத்துகிற தரை.

நம் ஊர்க் கோரைக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். இகுசா ஜங்கஸ் குடும்பம். கோரை சைப்பரஸ் குடும்பம். தூரத்துச் சொந்தம்தான். ஆனால் ஜப்பானிலும் ஒரு சைப்பரஸ் தத்தாமி உண்டு. ஓய்டா மாநிலத்தின் குனிசாகி பகுதியில் விளையும் ஷிச்சிதோய் என்ற முக்கோணத் தண்டுச் செடியை இரண்டாகக் கிழித்து நெய்கிறார்கள். ரியூக்யூ தத்தாமி என்று பெயர். முரட்டுப் பாய், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கோரைக்குச் சொந்தத் தங்கை என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் விளையும் இகுசாவில் மிகப் பெரும்பகுதி குமாமோட்டோ மாநிலத்திலிருந்து, அதிலும் யாட்சுஷிரோ சமவெளியிலிருந்து வருகிறது. குளிர்கால நாற்று, ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலையில் முடியும் அறுவடை. அறுத்த கட்டுகளை உடனே களிமண் கரைசலில் முக்கி எடுப்பது அங்கே வழக்கம். பச்சைத் தண்டைச் சேற்றில் முக்குவது பார்க்க விநோதமாக இருக்கும். மண்பூச்சு ஒவ்வொரு தண்டிலும் மெல்லிய உறையாக ஒட்டிக்கொண்டு காய்ச்சலைச் சீராக்குகிறது, பச்சையம் வெளுத்துப்போகாமல் காக்கிறது. புதுத் தத்தாமியின் வாசனையில் ஒரு பங்கு அந்த மண்ணுடையது. மீதி செடியுடையது. வெட்டிய புல்லின் மணத்தோடு, வெனிலாவுக்கு மணம் தரும் வேனிலின்கூட அதில் சிறிதளவு இருக்கிறது. நாள் ஆக ஆகப் பச்சையம் சிதைந்து பாய் வைக்கோல் நிறத்துக்கும் பிறகு பழுப்புப் பொன்னிறத்துக்கும் மாறும். சில ஆண்டுகளில் விரிப்பைக் கழற்றித் திருப்பிப் போட்டு, வெயில் படாத மறுபக்கத்தைப் புதுமுகமாக்குவார்கள். அதுவும் தேய்ந்தால் விரிப்பை மட்டும் மாற்றுவார்கள். படுகை பல பத்தாண்டு ஓடும்.

இப்போது அதன்மேல் வெறுங்காலை வைப்போம். ஜனவரி மாதம், அறை வெப்பநிலை பத்து டிகிரி. கான்கிரீட் தரையும் பத்து டிகிரிதான், தத்தாமியும் பத்து டிகிரிதான். வெப்பமானி இரண்டுக்கும் வித்தியாசம் காட்டாது. கால் மட்டும் காட்டிவிடும். ஏனென்றால் கால் அளப்பது தரையின் வெப்பநிலையை அன்று. தொட்ட நொடியில் தோலுக்கும் தரைக்கும் நடுவே உருவாகும் வெப்பநிலையை. அது இரண்டு பொருள்களின் வெப்பம் கடத்தும் திறன், அடர்த்தி, வெப்பக் கொள்ளளவு மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் ஓர் எண்ணைப் பொறுத்தது. அந்த எண் கான்கிரீட்டுக்கு 1800 என்ற அளவில் வரும். வைக்கோல் தத்தாமிக்கு 200 சொச்சம். மனிதத் தோலுக்கு 1200 என்று வைத்துக்கொள்ளலாம். 32 டிகிரியில் இருக்கும் உள்ளங்கால் கான்கிரீட்டைத் தொட்டவுடன் தொடும் இடம் 19 டிகிரிக்குச் சரியும். தத்தாமியில் 28, 29 டிகிரியில் நின்றுவிடும். தோராயக் கணக்குதான், ஆனால் பத்து டிகிரி வித்தியாசம் என்பது கால் தானே பின்வாங்குவதற்கும் மேலே இன்னொரு அடி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். வைக்கோல் என்பது குழாய், குழாய்க்குள் காற்று. அசையாத காற்றைப் போல வெப்பத்தைக் கடத்த மறுக்கும் மலிவான பொருள் உலகில் வேறில்லை.

வெப்பத்தைவிட ஈரத்தின் கதை எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. ஜப்பானின் கோடை உலர்ந்த கோடை இல்லை. ஜூன், ஜூலையில் மழைப் பருவம் வந்து உட்கார்ந்துவிடும். துணி காயாது, உப்பு கசியும், உடம்பு பிசுபிசுக்கும். வீடு கட்டுகிறவன் கோடையை மனத்தில் வைத்துக் கட்ட வேண்டும் என்ற கருத்தைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே யோஷிதா கென்கோ என்ற துறவி எழுதிவைத்தார். குளிரை எப்படியாவது சமாளிக்கலாம், புழுக்கத்தைச் சமாளிக்க முடியாது என்பது அவர் அனுபவம்.

ஆறு பாய் அறையில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறையின் பரப்பு பத்துச் சதுர மீட்டர், கூரை 2.4 மீட்டர் உயரம் என்றால் உள்ளே 24 கன மீட்டர் காற்று. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டிலிருந்து 80க்கு ஏறுகிறது என்றால், காற்றில் கூடிய தண்ணீர் வெறும் 110 கிராம். ஒரு டம்ளர் கூட நிரம்பாது. ஆனால் அந்த 110 கிராம்தான் மனிதரைப் புழுங்கவைக்கிறது. தரையிலோ ஆறு பாய், ஏறத்தாழ 180 கிலோ காய்ந்த தாவரம் கிடக்கிறது. தாவர நாரின் செல்லுலோஸ் நீர் மூலக்கூறுகளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் இயல்புடையது. அந்த 180 கிலோ தன் எடையில் ஒரே ஒரு விழுக்காடு ஈரத்தை வாங்கிக்கொண்டால் 1.8 லிட்டர். காற்றில் கூடியதைப்போலப் பதினாறு மடங்கு. இதோடு காகிதக் கதவுகள், மண் சுவர், பூச்சில்லாத மரத்தூண், கூரைப் பலகை எல்லாம் சேர்கின்றன.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்த உறிஞ்சல் அவசரமாக நடப்பதில்லை. சில மணி நேரத்தில் மேல் விரிப்பும் படுகையின் மேல்தோலும்தான் பதில் சொல்லும். ஆழத்தில் இருக்கும் வைக்கோல் நாள்கணக்கில், வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் தத்தாமி ஏ.சி. இயந்திரமாகிவிடாது. மாலை மழையின் முனையை மழுக்கும், காற்று வறளும்போது வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். திருப்பிக் கொடுப்பதற்கும் வழி வேண்டும். மரபு வீட்டில் பாய்க்கு அடியில் இடைவெளி விட்டுப் போட்ட பலகை, பலகைக்கு அடியில் திறந்த வெளி. தரைமட்டத்திலிருந்து மரத்தளம் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்று இன்றைய ஜப்பானியக் கட்டடச் சட்ட விதியிலும் ஓர் எண் இருக்கிறது. காற்று ஓடுவதற்கான உயரம் அது.

ஒளியிலும் இதே காற்றுதான் வேலை செய்கிறது. அது அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஷோஜி என்பது மெல்லிய மரச்சட்டங்களில் காகிதம் ஒட்டிய நகரும் கதவு. வாஷி எனப்படும் அந்தக் காகிதத்தின் உயர்ந்த வகை கோசோ என்ற மரப்பட்டை நாரிலிருந்து வருவது. மரக்கூழ் நார்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். கோசோ நார் பத்து மில்லிமீட்டர் வரை போகும். அதனால் மெல்லியதாக வார்த்தாலும் கிழியாது. காகிதம் ஏன் வெள்ளையாக இருக்கிறது? நாருக்கு நிறமில்லை, தனி நார் கண்ணாடி போன்றது. நாரின் ஒளிவிலகல் எண் 1.5 அளவு, காற்றினுடையது 1. ஒளி நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் தாவும்போது ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் திரும்புகிறது, கொஞ்சம் வளைகிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் இது பலமுறை நடந்துவிடுகிறது. உள்ளே நுழைந்த கதிர் எந்தத் திசையில் வந்தது என்ற நினைவே இல்லாமல் வெளியேறுகிறது. காகிதத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் அந்த இடம் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுவதைப் பார்த்திருப்போம். எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணும் நாரினுடையதும் கிட்டத்தட்ட ஒன்று. காற்றை எண்ணெய் வெளியேற்றிவிட்டது, எல்லைகள் அழிந்துவிட்டன, சிதறல் நின்றுவிட்டது. அப்படியானால் காகிதத்தின் வெண்மையைத் தருவது அதிலுள்ள காற்று.

கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் தரையில் ஒரு கட்டத்தை வரைந்து, அந்தக் கட்டத்தை மட்டும் கொளுத்தி, மற்ற இடங்களை இருட்டாக்கும். கண்ணின் பாவை அந்தக் கட்டத்துக்காகச் சுருங்கிக்கொள்ளும். மூலைகள் இன்னும் கறுக்கும். ஷோஜி வந்த ஒளியில் ஏறக்குறைய பாதியைத்தான் உள்ளே விடுகிறது. ஆனால் காகிதப் பரப்பு முழுவதும் விளக்காகிவிடுகிறது. இரண்டு மீட்டர் அகலமுள்ள விளக்கின் முன்னே வைத்த கிண்ணத்துக்கு விளிம்பு கூர்மையான நிழல் விழ வாய்ப்பில்லை. நிழல் அடியில் அடர்ந்து, தள்ளிப்போகப் போகக் கரைந்துவிடும்.

இதற்கு முன்னால் கூரையும் ஒரு வேலை செய்து முடித்திருக்கும். கியோட்டோ 35 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் 21 நண்பகலில் அங்கே சூரியன் 78 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பர் 22 நண்பகலில் 32 டிகிரிக்கும் சற்றுக் குறைவு. தெற்குச் சுவரிலிருந்து கூரை ஒரு மீட்டர் வெளியே நீண்டிருந்தால், கோடை நண்பகலில் அது தனக்குக் கீழே ஐந்து மீட்டர் வரை நிழல் போடும். ஒற்றைமாடி வீட்டில் சுவர் முழுக்க நிழலாகிவிடும். குளிர்காலத்தில் அதே கூரையின் நிழல் வெறும் 60 சென்டிமீட்டர். அதற்குக் கீழே வெயில் தாராளமாக நுழையும். கோடையில் நேர்க் கதிருக்கு வழி அடைத்த பிறகு ஷோஜியைத் தொடுவது எது? முற்றத்துச் சரளையிலும் வெண்மணலிலும் பட்டு, எங்காவா என்ற மரத்தாழ்வாரத்தின் பலகையில் பட்டு, கீழிருந்து மேலாக எழும்பும் ஒளி. ஐரோப்பியக் கட்டடங்களில் வெளிச்சம் மேலிருந்து இறங்கும். இங்கே ஏறும். அறைக்குள் தத்தாமியில் பட்டு மஞ்சள் கலந்து மறுபடி ஏறும். உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் கண்ணுக்குக் கீழே நிழல் விழாததற்கு அதுதான் காரணம்.

பாயில் படும் ஒளிக்கு ஒரு குறும்பும் உண்டு. ஒவ்வொரு இகுசா தண்டும் பளபளப்பான தோல் போர்த்திய சிறு உருளை. உருளை ஒளியைத் தன் நீளத்துக்குக் குறுக்கே விசிறிபோல விரிக்கும். நீளவாக்கில் அப்படி விரிக்காது. அதனால் ஒரே தறியில் நெய்த, ஒரே நிறமுள்ள இரண்டு பாய்களை ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட்டால் ஒன்று வெளிறியும் மற்றொன்று அடர்ந்தும் தெரியும். இப்போது பிரபலமாகியிருக்கும் கரையில்லாத அரைப்பாய்களைப் பலர் இரு நிறப் பாய்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அறையின் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால் வெளிறியது அடர்ந்ததாகவும் அடர்ந்தது வெளிறியதாகவும் இடம் மாறிவிடும்.

அறையின் ஆழத்துக்குப் போகப் போக ஒளி மங்கும். கண் முழுமையாக இருட்டுக்குப் பழக அரைமணி நேரம்கூட ஆகலாம். ஆழத்துச் சுவரில் பொன்தகடு ஒட்டிய தடுப்பு இருந்தால், அது தானே வெளிச்சம் விடுவதுபோல் தெரிவதற்கு விளக்கம் எளிது: பொன் நீல ஒளியை விழுங்கி, மஞ்சளையும் சிவப்பையும் மிகச் சிக்கனமான இழப்போடு திருப்பி அனுப்பும், நூற்றாண்டுகள் ஆனாலும் கறுக்காது. 1933இல் எழுத்தாளர் ஜூனிச்சிரோ தனிசாகி நிழலின் புகழ்பாடி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மின்விளக்கு வந்து எல்லா மூலையையும் துடைத்துவிட்டது என்பது அவர் வருத்தம். கட்டடக் கலைஞர்கள் இன்றும் அதைப் பாடநூலாகப் படிக்கிறார்கள். அவர் புது வீடு கட்ட நினைத்தபோது வந்த கட்டடக் கலைஞர், தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டேன், தங்களுக்கு என்ன வேண்டுமென்று தெரியும் என்றாராம். அப்படிப்பட்ட வீட்டில் என்னால் குடியிருக்க முடியாதே என்று தனிசாகி பதறியதாக அவர் மனைவி சொல்லியிருக்கிறார். இந்தக் கதை எனக்கு அந்தக் கட்டுரையைவிடப் பிடிக்கும்.

சுவரிலிருந்து சுவருக்குப் பாய் பரப்புவது தொடக்கத்திலிருந்தே இருந்த வழக்கமில்லை. நாராவின் ஷோசோயின் களஞ்சியத்தில் எட்டாம் நூற்றாண்டுப் பேரரசர் ஷோமுவின் படுக்கைப் பாயின் பகுதி இன்னும் இருக்கிறது. அதற்குப் பின் வந்த ஹெயான் காலத்தில் மரத்தளத்தின்மேல் உட்கார வருகிறவருக்கு மட்டும் பாய் போடுவார்கள். பாயின் கனமும் கரையின் வண்ணமும் அவர் தகுதியைச் சொல்லிவிடும். இன்னும் சில நூற்றாண்டு தள்ளி, முரோமாச்சி காலத்தில் பாய் அறை முழுவதும் பரவியது. கியோட்டோவின் வெள்ளி மண்டபத்து வளாகத்தில் ஷோகுன் அஷிகாகா யோஷிமாசா 1486இல் கட்டிய தோகுதோவில் தோஜின்சாய் என்ற நாலரைப் பாய் அறை இன்றும் நிற்கிறது. நூறு ஆண்டு கழித்துத் தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூ யமாசாகியில் அமைத்ததாகச் சொல்லப்படும் தாய்ஆன் தேநீர் அறைக்கு இரண்டே பாய். அதன் சில ஜன்னல்கள் தனியாகச் செய்து பொருத்தியவை அல்ல. சுவருக்கு மண் பூசும்போது ஓரிடத்தைப் பூசாமல் விட்டு, உள்ளேயிருக்கும் மூங்கில் சட்டத்தை அப்படியே காட்டியவை.

பாய் தரையாகிவிட்ட பிறகு அளவுதான் பிரச்சினை. ஒரு பாய் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு. இது எங்கும் பொது. ஆனால் கியோட்டோ பாய் 191க்கு 95.5 சென்டிமீட்டர், டோக்கியோ பாய் 176க்கு 88, அடுக்குமாடிக் குடியிருப்புப் பாய் 170க்கு 85. கியோட்டோ ஆறு பாய் அறை பதினொரு சதுர மீட்டரைத் தொடும். டோக்கியோவின் ஆறு பாய் அறை 9.3 சதுர மீட்டரில் நின்றுவிடும். குறைவது முழுசாக ஒரு டோக்கியோ பாய்க்கும் மேல்! கியோட்டோ தச்சர் பாயை முதலில் பரப்பி, அதைச் சுற்றித் தூண் நிறுத்தினார். எனவே ஒரு வீட்டுப் பாய் அடுத்த வீட்டுக்கும் பொருந்தியது. வாடகைக்குக் குடிபோகிறவர்கள் பாயையும் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. கிழக்கே தூண்களின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தார்கள். தூணின் கனம் போக மிஞ்சிய இடத்துக்குப் பாய் சுருங்கியது. இந்தக் குழப்பத்தால் இன்று வீட்டு விளம்பரத்தில் ஒரு பாய் என்று போட்டால் குறைந்தது 1.62 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். உண்மையில் எந்த அறையும் சரியான செவ்வகமில்லை. பாய்த் தொழிலாளி ஒவ்வொரு மூலையையும் அளந்து, மில்லிமீட்டர் கணக்கில் கோணலாகவே பாயை வெட்டுவார். ஒரே அறையின் இரண்டு பாய்களை இடம் மாற்றிப் போட்டால் ஒன்று திணறும், ஒன்று இளிக்கும்.

பரப்புவதிலும் ஒரு விதி: மங்கல நாட்களின் அமைப்பில் நான்கு பாய்களின் மூலைகள் ஒரே புள்ளியில் கூடக் கூடாது. கட்டம் கட்டமாக மூலை கூடும் அமைப்பு துக்கத்துக்கும் கோயில் பெருமண்டபங்களுக்கும் உரியது. நாலரைப் பாய் அறையை எடுத்துக்கொள்வோம். அரைப்பாய் நடுவில், சுற்றிலும் எட்டுக் கட்டங்கள் வளையமாக, அவற்றை நான்கு பாய்கள் மூட வேண்டும். வளையத்தை இரண்டிரண்டாகப் பிரிக்க இரண்டே வழி. வலம் சுற்றும் காற்றாடி ஒன்று, இடம் சுற்றும் காற்றாடி ஒன்று. குளிர்காலத் தேநீர் அறையில் தரையடுப்புக்கு வழி விட்டு வெட்டப்படுவது நடுவே இருக்கும் அந்த அரைப்பாயில்தான். எட்டுப் பாய் அறை கொஞ்சம் கடினம். நாலுக்கு நாலு கட்டத்தை எட்டுப் பாய்களால் மூட மொத்தம் 36 வழிகள் உண்டு. மூலைவிதியைப் போட்டவுடன் 34 விழுந்துவிடுகின்றன. மிஞ்சும் இரண்டும் ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று. கட்டத்தாளில் பென்சிலால் வரைந்து பார்க்கலாம். மூலையில் முதல் பாயைப் படுக்கவைத்தால் அடுத்தடுத்து எல்லாப் பாய்க்கும் இடம் தானாக முடிவாகிவிடுவது தெரியும். அரைப்பாய்களையும் அனுமதித்தால் கணக்கு விரிகிறது. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகக் கணினியியலாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவுப்படி, சதுரத்தின் பக்கம் எத்தனை கட்டமோ அத்தனை அரைப்பாய்களைப் பயன்படுத்தினால், பக்கம் 3க்கு 12 வழி, 4க்கு 32 வழி. பக்க எண்ணை, அதற்கு ஒன்று குறைவான தடவை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் விடை வரும்.

ஒலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நுண்துளைப் பொருள் உயர்சுருதி ஒலியின் கூர்மையை விழுங்கும், எதிரொலி குறையும். ஆனால் அடுத்த அறைக் குறட்டையைக் காகிதக் கதவு தடுக்காது. அமைதியான அறை என்பவர்கள் அதில் கூட்டுக் குடும்பத்தோடு தூங்கிப் பார்த்ததில்லை.

கண்மட்டம் மட்டும் இன்னொரு வரிக்குத் தகும். தரையில் உட்கார்ந்தவரின் கண் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கதவின் மேல்சட்டம் 175 சென்டிமீட்டர் அளவுதான், உயரமானவர்கள் நெற்றியை இடித்துக்கொள்வார்கள். ஆனால் உட்கார்ந்துவிட்டால் அதே அறை உயர்ந்து விரிகிறது. திரைப்பட இயக்குநர் யசுஜிரோ ஓசு 1953இல் வந்த 'டோக்கியோ ஸ்டோரி' உள்ளிட்ட படங்களில் கேமராவை அந்த மட்டத்துக்கும் கீழே இறக்கி வைத்தார்.

இனி இந்த அறை தோற்ற இடம். 1955இல் ஜப்பான் அரசு வீட்டுவசதிக் கழகத்தை நிறுவியது; நகரங்களில் கான்கிரீட் அடுக்குமாடிகள் எழும்பின. அவற்றிலும் தத்தாமி அறை வைத்தார்கள். ஆனால் பாயின் அடியில் 45 சென்டிமீட்டர் காற்று இல்லை, கான்கிரீட் பலகை. காகிதக் கதவுக்கு வெளியே அலுமினியச் சட்டம், ரப்பர் அடைப்பு. சமையல் ஆவியும் நால்வர் மூச்சும் துவைத்த துணியின் ஈரமும் உள்ளேயே சுற்றின. வைக்கோல் வாங்கியது, திருப்பிக் கொடுக்க இடமில்லை. பற்றாததற்கு நாகரிகம் என்று பாயின் மேலே கம்பளம் விரித்தார்கள். பூசணத்துக்கும் தூசு உண்ணிக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்? ஈரம், இருட்டு, மனிதத் தோலின் உதிரல் மூன்றும் ஒரே இடத்தில். குழந்தைகளின் ஆஸ்துமாவோடு தத்தாமியின் பெயர் அடிபட ஆரம்பித்தது. பழைய வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லாப் பாய்களையும் தூக்கி வெளியே சாய்த்து, தட்டி, வெயில் காட்டி, அடிப்பலகையைப் பெருக்கித் திரும்பப் போடுவார்கள். முப்பது கிலோ பாயைத் தூக்கி மூன்றாம் மாடிப் படியில் யார் இறங்குவது?

தீர்வு பொருளை மாற்றுவதாக வந்தது. இன்றைய தத்தாமியில் பெரும்பாலானவற்றின் படுகை மரநார்ப் பலகையோ பாலிஸ்டைரீன் நுரையோ, அல்லது இரண்டின் அடுக்கோ. மேல் விரிப்பும் சில வீடுகளில் முறுக்கிய காகித இழை அல்லது பிளாஸ்டிக் இழை. யாட்சுஷிரோவில் இகுசா பயிரிடும் குடும்பங்கள் ஆயிரக் கணக்கிலிருந்து சில நூறாகச் சுருங்கிவிட்டன. 2001 ஏப்ரலில் சீன இகுசா விரிப்புகளுக்கு எதிராக ஜப்பான் தற்காலிகத் தடுப்பு வரிகூட விதித்துப் பார்த்தது. 2020இல் யுனெஸ்கோ ஜப்பானிய மரக்கட்டடக் கைத்திறன்களைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது தத்தாமி செய்தலும் அதில் ஒன்றாக இடம்பெற்றது.

நுரைப் படுகையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதிலும் இருப்பது காற்றுதான், அதுவும் வைக்கோலைவிட நேர்த்தியாக அடைத்த காற்று. வெப்பம் கடத்துவதில் அது வைக்கோல் படுகையின் பாதிகூட வராது; ஒரு ஆள் தனியே தூக்கிவிடும் எடை. வித்தியாசம் அந்தச் சின்னஞ்சிறு காற்றறைகளின் கதவில் இருக்கிறது. வைக்கோலின் துளைகள் ஒன்றோடொன்று திறந்தவை; நுரையின் குமிழ்கள் ஒவ்வொன்றும் மூடியவை. ஈரம் உள்ளே போகாது, உண்ணி குடியேறாது. ஆனால் மேலே இருக்கும் இகுசா பழைய இகுசாவேதான். அதன் நட்சத்திரச் செல்கள் ஈரத்தை வாங்கிக்கொண்டேதான் இருக்கும். முன்பு கீழே வைக்கோலுக்கு இறக்கிவிட்டது இப்போது இறக்க இடமில்லாமல் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அதனால்தான் புதுப் பாய் போட்ட முதல் மழைக்காலத்திலேயே விரிப்பின்மேல் பச்சைச் சாம்பல் பூத்துவிட்டது என்று வாடிக்கையாளர்கள் கடைக்காரரைக் கூப்பிடுகிறார்கள். கடைக்காரர் சொல்லும் பதில் எங்கும் ஒன்றுதான்: உடனே வேக்குவம் போடாதீர்கள், பூசண வித்துகள் அறை முழுக்கப் பறக்கும், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஏ.சி.யை உலர்த்தும் நிலையில் வைத்துப் பாயை நன்றாகக் காயவிட்டு, எத்தனாலில் நனைத்த துணியால் நெசவின் போக்கிலேயே துடையுங்கள். வெளியே வெயில் அடிக்கும் நாளில் மட்டும் ஜன்னலைத் திறவுங்கள்.